குழிக்குள் போட்ட நாற்காலி

எங்கள் மதினிக்கு ஊசியைக் கண்டு பயம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அவள் டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்துவிட்டபோது, "ஊசிக்குப் பயந்துட்டா" என்று எங்கள் ஆட்கள் சிலர் பேசிக்கொண்டார்கள். பேசியது யார் யாரென்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அதை நான் மறக்கிறதில்லை.

கேரளத்துப் பீர்மேட்டுக்கு மேலே, ரோடு ஏறிக் களைத்து நின்றுவிடுகிற இடத்தில் எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் இருக்கிறது. நான் அங்கே கொழுந்து எடுக்கிறவள். இருப்பது லயத்து வீட்டில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கிடக்கிற வீடுகள்தான் லயம். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் வீடு. அண்ணன் பெண்டாட்டியைத்தான் மதினி என்கிறேன். அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். நிரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை. காலையில் ஆளுக்கொரு நிரை பிடித்துவிட்டால் அதை முடிக்காமல் யாரும் கரையேற முடியாது. நான் பிந்தினால் மதினி தன் நிரையை முடித்துவிட்டு வந்து என் நிரையில் கை கொடுப்பாள். கூடவே நாலு வசவும் கொடுப்பாள்.

அப்படி வேலை பார்த்தவளுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். விட்டால் உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஆள் போய்ச் சேர வேண்டியதுதான். டாக்டர் இதை ஒளிக்காமல் சொன்னார். மதினியும் ஒளிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

முன்பெல்லாம் எங்கள் டிவிஷன் வரைக்கும் சர்க்கார் பஸ் வந்தது. காலையில் வந்து மாரியம்மன் கோயில் முன்னால் திருப்பிக்கொண்டு போகும்; சாயங்காலம் ஒருமுறை வரும். ஒரு மழைக்காலத்தில் ரோட்டின் ஓரமெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. நடுவிலே பள்ளம், ஓரத்திலே கிடங்கு. ஒருநாள் பஸ்ஸின் அடியில் என்னவோ உடைந்து வழியிலேயே நின்றது. அத்தோடு சரி. டிப்போவில் கேட்டால், ரோட்டைச் சரி பண்ணுங்கள், பஸ் விடுகிறோம் என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால், அவ்வளவு பெரிய வேலைக்கு எங்களிடம் ஏது காசு, எம்.எல்.ஏ. நிதியில் கேளுங்கள் என்றார்கள். எம்.எல்.ஏ. ஆபீஸில் கேட்டால், இந்த மாதிரி எத்தனையோ ரோடு இருக்கிறது, சார் நேரில் பார்க்கட்டும் என்றார்கள். ஒருத்தர் சொன்னதிலும் தப்பு இல்லை. பஸ்தான் இல்லை.

ஆகவே ஜீப். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பலகை, அதில் அடைத்து உட்கார்ந்த ஆட்கள், மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மதினிக்கு இடது கையில்தான் ஊசி போடுவார்கள். அந்தக் கையில் இரத்தக் குழாயை ஆப்பரேஷன் பண்ணி வைத்திருந்தார்கள். அது எங்கேயும் இடிபடக் கூடாது. அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். டயாலிசிஸ் முடிந்து வருகிற ஆளுக்கு உடம்பில் சத்தே இருக்காது, கண் செருகும். ஆனால் தூங்க முடியாது. தூங்கினால் கை நழுவும். கை நழுவினால் அடுத்த குழியில் எதிரே இருக்கிறவர் மேல் போய் விழ வேண்டும். ஒருமுறை ஊசி போட்ட இடம் திறந்துகொண்டு துண்டெல்லாம் இரத்தமாகிவிட்டது. நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.

மறுநாள் அவள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏளா, எனக்கு ஊசி வலிக்கல. ரோடுதான் வலிக்குது. இனிமே நான் போகல."

"போகாம என்ன செய்யப் போற?"

"இருக்கிற மட்டும் இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த அகப்பையைச் சுவரில் எறிந்தேன். அது திரும்பி வந்து என் காலிலேயே விழுந்தது. அவள் சிரித்தாள். ஆனால் சொன்னபடியே அடுத்த தடவை போகவில்லை. அண்ணன் கெஞ்சினார், மிரட்டினார்; அவர் மிரட்டினால் பூனைகூட நகராது. விடிகிற நேரத்தில் கால் வீங்கி, முகம் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளைக் கட்டிலோடு தூக்கிப்போய் ஜீப்பில் ஏற்றினோம். பிழைத்தாள். ஆனால் அந்த ரோடு அப்படியே கிடந்தால் இவள் இன்னொருமுறை 'போகல' என்பாள், அப்போது பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பெண்களுக்கு வாரத்தில் ஒருநாள் அயல்கூட்டம் உண்டு. அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிச் சேமிப்பு, கடன், ஊர்ப் பேச்சு எல்லாம் பேசுகிற கூட்டம். அன்றைக்கு நான் ஊர்ப் பேச்சுக்கு விடவில்லை. பஸ் வர வேண்டும், அதற்கு ரோடு வேண்டும் என்று எழுதி, எல்லோரும் பெயரெழுதி ஒப்பு போட்டு, எங்கள் வார்டு மெம்பர் கையில் கொடுத்தோம். மெம்பரும் எங்களைப் போல லயத்தில் பிறந்தவர்தான். தங்கமான மனுஷன், ஆனால் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. அதனால் யாருக்கும் ஒன்றும் நடக்காது. ஆனாலும் அவர் அலைந்து திரிந்து ஒரு காரியம் செய்தார். எம்.எல்.ஏ. நேரில் வந்து ரோட்டைப் பார்க்கச் சம்மதித்துவிட்டார்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். கம்பெனியிலிருந்து பெரிய துரை பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாள் பாதிப் பேரைக் கொழுந்தை விட்டு இறக்கிவிடுவார்கள். புல் செதுக்கணும், ஓடை வெட்டணும், பாக்டரிச் சாம்பலையும் சல்லியையும் கொட்டிக் குழியெல்லாம் மூடணும், ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் போனான், துரைமார் மாறினார்கள், இந்தப் பழக்கம் மட்டும் எங்கள் உடம்பை விட்டுப் போகவில்லை. பெரிய மனுஷன் வண்டி குலுங்கினால் அது எங்கள் மானம் குலுங்கின மாதிரி.

எம்.எல்.ஏ. வருகிறார் என்றதும் யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அண்ணன் தோட்டத்தில் ரோட்டு வேலை பார்த்தவர். அவர் மண்வெட்டியைத் தூக்கியதும் ஊரே பின்னால் போயிற்று. நாங்கள் பெண்கள் கூடை கூடையாகச் சாம்பல் சுமந்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நாங்கள் முழு ரோட்டையும் சாம்பலில் மறைத்தோம். திமிசுக்கட்டையால் இடித்து, மேலே தண்ணீர் தெளித்து, சாணம் மெழுகின களம் மாதிரி ஆக்கிவிட்டோம். வளைவில் வாழைமரம் கட்டினோம். எதற்காக அவரை வரச் சொன்னோம் என்பது ஒருத்தர் புத்தியிலும் இல்லை. இதில் இன்னொரு கூத்து. துரை வரும்போது நோயாளிகளை முன்னால் நிறுத்தக் கூடாது என்பதும் பழைய பழக்கம். மதினியை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

எம்.எல்.ஏ. வந்தார். கார் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஏறி வந்தது. நல்ல மனுஷன்தான், எங்கள் டீயைக் குடித்தார், பிள்ளைகளிடம் பேசினார், எங்கள் தமிழையும் அவர் மலையாளத்தையும் கலந்து மெம்பரிடம் சொன்னார்.

"ரோடு அத்தர மோசமில்லல்லோ மெம்பரே. ஒரு குலுக்கமும் இல்ல. இவங்களே நல்லா வச்சிருக்காங்க. இந்தத் தவணை அந்தப் பக்கத்து ஊருக்குக் கொடுக்கலாம், அங்கே ரொம்பக் கஷ்டம். உங்களுக்கு அடுத்த தடவை உறப்பா செய்யலாம்."

நாங்கள் கை தட்டினோம். சத்தியமாகத் தட்டினோம். எங்களைப் பற்றி, நல்லா வச்சிருக்காங்க என்று ஒரு பெரிய மனுஷன் சொல்லிவிட்டார் இல்லையா. கார் வளைவு திரும்பிப் போன பிறகுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்; கூடையில் சுமந்துபோய்ப் போட்டது நாங்களாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் வந்தேன். மதினி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, அவுக வந்துட்டுப் போயிட்டாகளா? காரு சத்தமே கேக்கலயே."

நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"அழுத பிள்ளைக்குத்தாம்ளா பாலு. நம்ம என்ன செஞ்சிருக்கோம், பிள்ளைக்கு மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வச்சுத் தூக்கிட்டுப் போயி, பால் குடுங்கன்னு நின்னிருக்கோம்."

சிரித்து முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதாளா என்று நான் பார்க்கப் போகவில்லை. அந்த வாரமே ஒரு மழை பெய்தது. சாம்பலெல்லாம் கரைந்து ஓடையில் கறுப்பாக ஓடியது. குழிகள் பழையபடி வாயைத் திறந்துகொண்டன.

எங்கள் டிவிஷனுக்கு டவுனிலிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கிற பாலியேட்டிவ் சங்கத்தில் நர்ஸ். மலையாளத்துப் பெண், எங்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழே பேசுவாள். முந்தின பேஷன்ட் வீட்டில் அழுதுவிட்டு, அடுத்த வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைகிறவள். நாங்கள் கை தட்டின கதையைக் கேட்டு அவளும் சிரித்தாள். பிறகு அயல்கூட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, மனு எழுதி நிவேதனம் கொடுக்கிறது நல்லதுதான். ஆனா ஒரு தடவை கொடுத்துட்டு வீட்டுல இருந்தா அது ஆபீஸ் காகிதக் கட்டுல போயிரும். கிராமசபையில பேசித் தீர்மானமா ஏத்துங்க. அப்புறம் விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும். மரியாதையா கேக்கணும், ஆனா விடக் கூடாது. எங்க சங்கமும் கூட நிக்கும். இந்த ரோட்டுல டவுனுக்குப் போற நோயாளி உங்க மதினி மட்டும் இல்லயே."

கிராமசபைக்கு நாங்கள் போகாதவர்கள் இல்லை. போவோம், வருகைப் புத்தகத்தில் ஒப்பு போடுவோம், டீ குடிப்போம், நிரை காத்துக்கிடக்கிறதென்று கிளம்பிவிடுவோம். பேசுகிறவர்கள் யாரோ பேசுவார்கள். இந்தத் தடவை மொத்தமாகப் போய், முன் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்திருக்கவே இல்லை. கீழ் டிவிஷன் பெண்கள் தண்ணீர்க் குழாய் கேட்டார்கள். அவர்கள் குடத்தோடு மேடு ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன், அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்களோடு சண்டைக்கு நின்றேன், வாய் வார்த்தை தடித்துப்போயிற்று. பிறகு மதினியே எழுந்தாள். துண்டு சுற்றின கையோடு நின்று, "தாயிகளா, கோடையில உங்களுக்குத் தண்ணி லாரி வாறதும் இந்த ரோட்டுலதான். ரோடு வந்தா லாரியும் பிந்தாம வரும். அடுத்த வருசம் குழாய்க்கு நாங்க முன்ன நின்னு கேக்கோம்" என்றாள். பிறகு கீழ் டிவிஷனிலிருந்தே ஒருத்தி, ரோடு முதலில் எழுதுங்கள் என்று சொன்னாள். தீர்மானத்தில் ரோடு முதலாவதாக ஏறியது.

விடாமல் கேட்கிற வேலையை எப்படிச் செய்வது என்று யோசித்தபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே வழிதான் வந்தது. நிரை பிடித்தோம். தினம் ஒருத்தி எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு ஒரு போன் போட வேண்டும். யார் நாள் எது என்று கொழுந்துக்கு நிரை பிரிக்கிற மாதிரிப் பிரித்துக்கொண்டோம். மலை மேல் சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று இருக்கிறது. டீ குடிக்க விடுகிற நேரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதில் ஏறி, வணக்கம் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, எங்கள் ரோடு என்ன ஆயிற்று என்று கேட்போம். திட்டக் கூடாது என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருத்தியால் முடியவில்லை என்றால் பக்கத்து நிரைக்காரி பேச வேண்டும். அங்கே போன் எடுக்கிற ஆள் முதலில் சலித்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டார். கடைசியில் குரலைக் கேட்டதும் அவரே, "இன்னைக்கு உங்க நிரையா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் யாரும் கூப்பிட முடியாமல் போனதற்கு, மழை அதிகமா, எல்லோரும் சுகம்தானே என்று மறுநாள் விசாரித்தாராம்.

அந்த ஆள்தான் ஒருநாள் சொன்னார். சார் மறுபடி வருகிறார், எஞ்சினியரோடு வருகிறார். நர்ஸ் பிள்ளை பேசி, மதினி டயாலிசிஸுக்குப் போகிற காலையிலேயே அதை வைக்கும்படி செய்தாள். மெம்பர் வாழ்க்கையில் முதன்முதலாக எல்லோரையும் கூட்டிவைத்துக் கண்டிப்பாகப் பேசினார்.

"ஒரு பிடி மண்ணு விழக் கூடாது. யாராவது மண்வெட்டியத் தொட்டீக, நான் மெம்பரே இல்ல."

எல்லோரும் தலையாட்டினோம்.

அன்று காலையில் ஜீப்புக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன். வாழைமரம் கட்டின அதே வளைவு. அங்கே ரோட்டின் நடுவில் இருப்பதிலேயே பெரிய குழி. ஜீப்பே நின்று யோசித்துத்தான் இறங்கும். குழிக்குப் பக்கத்தில் என் அண்ணனும் இன்னும் நாலைந்து பெரியவர்களும் நிற்கிறார்கள்.

"என்ன செய்யுதீக?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி கெட்டிக் கெடக்கு. அத மட்டும் வடிச்சு விடுவோம்னு."

வடித்துவிட்டார்கள். அப்புறம் ஒருவர், ஓரத்தில் மட்டும் ரெண்டு கல் வைத்தால் கார் அடிபடாது என்றார். வைத்தார்கள். இன்னொருவர், கல் ஆடுகிறது, கொஞ்சம் சல்லி போட்டால் நிற்கும் என்றார். எங்கிருந்தோ ஒரு கூடை சல்லி வந்தது. அதன் பின்னாலேயே சாம்பல் கூடையும் வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

"சும்மா இரு தாயி. வாற மனுசன் வண்டி அடிபட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு. பார்த்தாப் போதும்லா, அடிபடணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டிக்காக உயிரை விடக்கூடிய மனுஷன்தான். ஆனால் அந்தக் கைக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. குழியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷன் முன்னால் நிற்க அதற்குத் தெரியாது.

ஜீப்புக்காகக் காத்திருக்கிற நேரத்தில் உட்காருவதற்கென்று நாங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வருவது வழக்கம். மதினி அதை என் கையிலிருந்து வாங்கினாள். மெதுவாகக் குழிக்குள் இறங்கினாள். சேற்றில் நாற்காலியை ஊன்றி, ஆடுகிறதா என்று பார்த்து, உட்கார்ந்தாள். துண்டு சுற்றின கையை மடியில் வைத்துக்கொண்டு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல என்னய மூடுங்க. அப்புறம் ரோட்ட மூடுங்க."

அண்ணன் கையில் சாம்பல் கூடை. மேட்டில் அவர், குழியில் அவள். நான் அவரை அதற்கு முன்னும் அப்படிப் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பிறகு கூடையைத் தூக்கிப்போய்த் தேயிலைக்குள் கொட்டினார். திரும்பி வந்து, வைத்த கல்லையெல்லாம் தானே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கடைசியில் குழியின் விளிம்பில், அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கார் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கீழிருந்தே கேட்டது, உறுமிக்கொண்டும் முனகிக்கொண்டும் வந்தது. வளைவில் வந்து நின்றது. நாற்காலியைத் தாண்டிப் போக வழி இல்லை. எம்.எல்.ஏ. இறங்கி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம், மதினி எழவில்லை.

"எந்திரிக்கலன்னு நினைக்காதீங்க சார், இறங்கவே முடியல, ஏறவா முடியும்" என்றாள். "போன தடவை நீங்க வந்தப்பவும் இந்தக் குழி இங்கனதான் இருந்தது. நாங்கதான் மூடி வச்சிருந்தோம். நானும் இருந்தேன். என்னயும் உள்ள வச்சு மூடி வச்சிருந்தாக. உங்களுக்கு மரியாதை செய்யுதோம்னு செஞ்சாக. அவுகளக் கோவிச்சுக்கிடாதீங்க."

எம்.எல்.ஏ. குழியின் விளிம்பு வரை வந்து குனிந்து பார்த்தார். எஞ்சினியர் டேப்பை எடுத்து அளக்கப் போனார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. மதினிதான் கேட்டாள்.

"சார், நேரமாச்சு, மிஷின் காத்துக்கிட்டு இருக்காது. நீங்க பாக்கணும்னா எங்ககூட வாங்களேன். பின்னால இடம் இருக்கு."

மெம்பருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் வந்தார். சும்மா சொல்லக் கூடாது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் பலகையில் எங்களுக்கு எதிரே ஏறி உட்கார்ந்தார். முதல் குழியிலேயே அவர் தலை மேல் கம்பியில் இடித்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய். இரண்டாவது குழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாதி வழிக்கு மேல் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. மதினியின் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அது கம்பியை விடாமல் பிடித்திருந்தது, விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது, "திரும்பி வரும்போதும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"அப்ப இதவிடக் கொஞ்சம் களைப்பா இருக்கும் சார்" என்றாள் மதினி.

அதற்குப் பிறகு நாளைக்கே ரோடு வந்துவிட்டது என்று நினைத்தால், நீங்கள் சர்க்கார் காரியம் ஒன்றையும் பார்த்ததில்லை என்று அர்த்தம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா. பணம் ஒதுக்க வேண்டும், டெண்டர் போட வேண்டும், எடுத்தவர் வர வேண்டும், வந்தால் மழை வரும். நாங்கள் நிரையை விடவில்லை. போன் எடுக்கிற ஆள் எந்த ஆபீஸில் காகிதம் நிற்கிறதென்று சொல்வார். நர்ஸ் பிள்ளையின் சங்கத்து ஆட்கள் அங்கே போய் நிற்பார்கள். கீழ் டிவிஷன் பெண்களும் எங்கள் நிரையில் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாதங்களில் மதினி ஒருமுறைகூட 'போகல' என்று சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள், பிடித்துக்கொண்டு வந்தாள்.

ரோடு போட்டார்கள். டிப்போவிலிருந்து ஆள் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் காலையில் பஸ் வந்து மாரியம்மன் கோயில் முன்னால் திரும்பி நின்றது. அண்ணன் ஒரு வாழைமரத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் மதினியைப் பார்த்தார்.

"இப்பக் கட்டுங்க. இப்ப எம்புட்டு வேணாலும் கட்டுங்க" என்றாள்.

அன்றைக்கு நான்தான் கூடப் போனேன். சாயங்காலம் ஆஸ்பத்திரி முடிந்து, வாழைமரம் வாடித் தொங்குகிற அதே பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். டவுன் தாண்டி மலை ஏறுகிற வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். கீழ் டிவிஷன்காரிகளின் குழாய்க்கு எப்போது போன் நிரை ஆரம்பிப்பது என்று கேட்டாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. நானும் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வளைவு வந்தது. ஏ மதினி, உன் குழியைப் பாரு என்று சொல்லத் திரும்பினேன். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவைத் திரும்பியது. நான் எழுப்பவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் எதையும் பிடிக்காமல் மடியில் கிடந்தன.